முகம் மட்டும்

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோதே போன் அடித்தது. சுரேந்திரன். அப்பனைப் பறிகொடுத்தவனின் குரலாக அது இல்லை. சென்னையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் கஸ்டமர்களிடம் பேசுவானே, அந்தக் குரல். "வசந்தி, சிஸ்டத்த ஆன் பண்ணு. மோடத்துல லைட்டெல்லாம் எரியுதா பாரு" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மாலையிலிருந்து இவன் அப்பா, நல்லதம்பி மாமா, வீட்டு வாசலில் பலகை மேல் கிடக்கிறார், இவனுக்கு மோடம் லைட்டு. நறுக்கென்று ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு உள்ளே போய்ப் பார்த்து, எரிகிறது என்றேன்.

இந்தத் தீவில், சௌல்தாரி ஜங்ஷனில் ஜெராக்ஸ், டைப்பிங், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துக் காலம் தள்ளுகிறவள் நான். கம்ப்யூட்டருக்கு ஏதாவது நோவு வந்தால் போர்ட் பிளேருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. சுரேன் சென்னையில் உட்கார்ந்தபடியே ரிமோட்டில் என் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிபண்ணிவிட்டுப் போவான். அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் நெட் வானத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. மேகம் கூடினால் அதற்கும் சோம்பல் வந்துவிடும். அதனால் ரிமோட் போடும் முன்பு திரையிலிருக்கிற படத்தை எடுத்துவிட வேண்டும், நிறத்தைக் குறைக்க வேண்டும், ஒலியை நிறுத்த வேண்டும். திரை ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைல் எதுவும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் லைன் மூச்சு முட்டிப்போகும். இதையெல்லாம் என்னைத் திட்டித் திட்டியே பழக்கியவன் அவன்தான்.

அவன் ஏன் வரவில்லை என்று ஊரில் யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பாவும் என் அப்பாவும் சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினவர்கள். சுனாமி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பத்தாவது படித்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலையில் அவன் தங்கச்சி உதயாவைக் கூட்டிக்கொண்டு, கப்பல் நிற்கும் ஜெட்டிப் பக்கம் போயிருந்தான். அவன் மட்டும் திரும்பி வந்தான். தங்கச்சியின் கையைப் பிடித்திருந்தான் என்று சொல்கிறார்கள், அவன் யாரிடமும் அதைப் பற்றிப் பேசினதில்லை. மிஞ்சினவர்களை இங்கே கொண்டுவந்து வைத்திருந்த முகாமிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளை மெயின்லேண்ட் ஹாஸ்டலுக்குக் கப்பலில் அனுப்பியது. அந்தக் கப்பலில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் சென்னையில்தான் திரும்பினானாம். அதற்கப்புறம் கடலைத் தாண்டவில்லை. விமானத்துக்குக்கூட டிக்கெட் எடுத்திருக்கிறான். ஏர்போர்ட் வரைக்கும் வந்து, ஏறாமல் திரும்பிவிடுவான். நேற்றும் அதேதான் நடந்தது. ராத்திரி அவன் போன் பண்ணி "எனக்காக வச்சிருக்காதீங்க" என்று சொன்னபோது அவன் அம்மா சொர்ணம்மா அத்தை போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதே தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். என் அம்மாவும் அதில்தான் போனாள். நான் ஜெட்டிக்குப் போகிறேன், போட்டில் ஏறுகிறேன், மீன் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறேன். முறைக்கு அவன் எனக்கு மாமன் மகன். நடுவில் ஒரு தரம் எங்களுக்குக் கல்யாணப் பேச்சுகூட அடிபட்டது. மாப்பிள்ளை தாலி கட்டவாவது இந்தப் பக்கம் வருவாரா என்று யாரோ கேட்டதில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. தப்பித்தேன் என்று அன்றைக்குச் சிரித்தேன். நேற்று ராத்திரி அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சிரிப்பு வரவில்லை.

மாமா முகத்தை அவனுக்குக் கம்ப்யூட்டரில் காட்டுகிற யோசனை ராத்திரி அத்தைக்கு வந்ததுதான். எங்கள் ஆட்கள் பாடையை ஜங்ஷனில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவார்கள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது, அங்கேயே நின்றுவிட வேண்டும். என் கடை அந்த ஜங்ஷனில்தான் இருக்கிறது. டெலிபோன் வயர் வந்து நிற்பதும் என் கடையில்தான், மாமா வீடு இருக்கிற உள் தெருவுக்கு லைன் இல்லை. "இறக்குற நேரத்துல ஒன் கம்ப்யூட்டர்ல அவனுக்குக் காட்டு புள்ள" என்றார் அத்தை. மாமாவின் தம்பி ஜெயமணி மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர்தான் மொட்டை போட்டுக்கொண்டு, மகன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்யத் தயாராக நின்றவர். "பொணத்த நடுரோட்டுல வச்சிப் படம் புடிக்கிறதா? நாலு சாதி ஜனம் இருக்கிற எடம் அண்ணி. சிரிப்பானுங்க" என்றார். அத்தை அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மவன் மூஞ்சி பாக்காம மண்ணு போட வுடமாட்டேன்" என்றார்.

ஆகவே காலையில் நானும் சுரேனும் ஒத்திகை பார்த்தோம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற வெப்கேமராவை ஸ்டூல் மேல் வைத்து, வயரை வாசல் வரைக்கும் இழுத்தேன். கேமரா பார்ப்பது என் திரையில் ஒரு கட்டத்துக்குள் தெரியும். என் திரை அவன் திரையில் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் டிஸ்ப்ளே. நிறத்தை வழக்கம்போல் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

"நீ போய் கேமரா முன்னால நில்லு" என்றான். வாசலில் இருந்த கஸ்டமர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"என்னா, தெரியுதா?"

"கட்டம் கட்டமா இருக்கு. கண்ணாடியா போட்டிருக்க?"

"அது ஆச்சு நாலு வருசம்."

"ம்" என்றான். பிறகு, "கலர கூட்டு" என்றான்.

கூட்டினேன். இப்போது முகம் தெரிகிறது, ஆனால் நான் கையை ஆட்டினால் அவனுக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் கை ஆடுகிறது. பரவாயில்லை என்றான். மாமா கையை ஆட்டப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். பிறகு அவன் பழைய கஸ்டமர் குரலுக்குப் போய்விட்டான். வால்பேப்பரை எடு, மற்ற விண்டோ எல்லாவற்றையும் மூடு, கேமராவைக் கிட்டக் கொண்டுபோ, முகம் மட்டும் விழுகிற மாதிரி வை. கூட்டம் தெரிய வேண்டாம், மாலை தெரிய வேண்டாம், முகம் மட்டும் போதும்.

அடுத்து ஆடியோ. "எடுத்துரு" என்றான்.

"அத்தை ஏன்னு கேக்குமே."

"லைன் தாங்காது வசந்தி. படம் வேணும்னா சத்தம் கெடையாது. சத்தம் வேணும்னா படம் கெடையாது. ரெண்டும் வராது."

அவன் சொன்னது நிஜம்தான், எனக்கே தெரியும். ஆனாலும் அவன் அதை ரொம்ப வேகமாகச் சொன்னான். ஒலியை நிறுத்துகிற இடத்தில் டிக் அடித்தேன்.

கடைசியில் ஃபைல் ஷேரிங். அதைத் திறந்து வைக்கச் சொன்னதும் எனக்கு ஆச்சரியம். அதைத் திறந்தாலே கத்துகிறவன் ஆயிற்றே. "அப்பாவோட போட்டோ ஒன்கிட்ட இருக்கும்ல? ஐலண்டர் கார்டுக்கு எடுத்தது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. எல்லாம் முடிஞ்சப்பறம் எடுத்துக்கிறேன்" என்றான். அவனிடம் அப்பா படம் ஒன்றுகூட இல்லை. கச்சாலில் இருந்ததெல்லாம் தண்ணீரில் போய்விட்டது. இங்கே வந்தபிறகு மாமா படம் எடுத்துக்கொண்டது சர்க்காருக்காக மட்டும்தான். 'நல்லதம்பி குடும்பம்' என்று என்னிடம் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஸ்கேன் பண்ணின கார்டு, சான்றிதழ், நிவாரண மனு என்று குப்பையெல்லாம் அதில்தான் கிடக்கிறது. முடிஞ்சப்பறம் எடுத்துக்கோ என்றேன்.

மத்தியானம் தப்புச் சத்தம் கேட்டது. மேகமும் கூடவே வந்தது. இங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், மழையும் சேர்ந்தால் மூன்று மணிக்கே விளக்கு வேண்டும். ஜெயமணி மாமா ஈர வேட்டியோடு முன்னால் வந்தார். என் கடை வாசலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தேன், அதன்மேல் பாடையை இறக்கினார்கள். தலை என் ஸ்டூல் பக்கம். நான் கேமராவை நெருக்கி வைத்தேன். மாமாவின் முகம் திரையில் விழுந்தது. தாடையைக் கட்டியிருந்த துணி, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒட்டியிருந்த காசு. நேரில் பார்த்ததைவிட அந்தக் கட்டத்துக்குள் பார்க்கும்போது அவர் அதிகம் இறந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவனுக்குப் போன் போட்டேன்.

"தெரியுதா சுரேன்?"

"தெரியுது."

அத்தையைப் பெண்கள் இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்தவர். புருசனைப் பாடினதைவிட மகனைத்தான் அதிகம் பாடினார், வந்து பாரு ராசா, வந்து தூக்கு ராசா என்று. திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "என் சத்தம் அவனுக்குக் கேக்குதா புள்ள?" என்றார்.

"இல்ல அத்த. கம்ப்யூட்டர் லைன் தாங்காது. படம் மட்டுந்தான்."

"யாரு சொன்னது, நீயா அவனா?"

நான் குனிந்து கேமரா வயரைச் சரிசெய்தேன். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. "என் சத்தம் வேணாமாமா அவனுக்கு?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, மாமாவைக் கேட்டார். போனை என் கையிலிருந்து வாங்கினார். "தம்பி" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து அவன் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, போன வைங்கம்மா. நீங்க அழுதா என்னால பாக்க முடியாது. கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிறேன்." போன் லைன் அறுந்தது. அத்தை போனை மடியில் சொருகிக்கொண்டார்.

அப்புறம்தான் திரையில் அந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. மவுஸை யாரும் தொடவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எதிர்க்கடை பெங்காலிக்காரர் மெல்ல, இதை யார் நகர்த்துவது என்று இந்தியில், "யே கோன் சலா ரஹா ஹை?" என்று கேட்டார். "உஸ்கா பேட்டா. மெட்ராஸ் சே" என்று ஜெயமணி மாமா சொன்னார், அவர் மகன்தான் மெட்ராஸிலிருந்து நகர்த்துகிறான் என்று. ராத்திரி சிரிப்பானுங்க என்றவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெங்காலிக்காரர் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்பு கட்டத்தின் மூலைக்குப் போய் அதை இழுத்துப் பெரிதாக்கியது. மாமாவின் முகம் திரை முழுவதும் வந்தது. அம்பு கொஞ்ச நேரம் ஓரமாகவே நின்றது. பிறகு மெதுவாக வந்து நெற்றியில் ஏறியது. அந்தக் காசைச் சுற்றியது. புருவத்தின் மேல் போனது, கன்னத்தில் இறங்கியது, தாடைத் துணி வரைக்கும் வந்து மறுபடியும் மேலே போனது. அவன் தடவிக்கொடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தபோது என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை. அம்பு போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போய்க்கொண்டிருந்தது. தப்புக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு அம்பைப் பார்த்தார்கள்.

"அண்ணி, மழ வந்துரும்" என்றார் ஜெயமணி மாமா. "குழியில தண்ணி ஏறிரும். தூக்கிரவா?"

அத்தை இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினார். அந்த நேரத்தில் அம்பு முகத்தை விட்டு விலகியது. விலகி, கீழே போய், என் ஃபோல்டர்களைத் திறந்தது. 'நல்லதம்பி குடும்பம்' என்பதை அப்படியே முழுசாக எடுத்து அவன் பக்கம் போட்டான். ஒரு படம் எடுத்தால் போதும், அத்தனை குப்பையையும் சேர்த்து எடுத்தான். முடிஞ்சப்பறம் என்றவனுக்கு அதுவரைக்கும் பொறுக்க முடியவில்லை. அப்பாவில் எதையும் விட்டுவிடக் கூடாது என்று கை பதறியிருக்கும். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. காகிதங்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறந்தன. மீதி நேரம் என்று காட்டியது, அது குறையாமல் கூடிக்கொண்டே போனது. அடப்பாவி, இத்தனை வருசம் எனக்குப் பாடம் நடத்தினவன் நீதானே என்று நினைத்தேன்.

"தூக்குங்கடா" என்றார் ஜெயமணி மாமா.

அத்தை இப்போது தடுக்கவில்லை. தப்பு அதிர்ந்தது. பாடையைத் தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்கினார்கள். பெண்கள் ரோட்டில் விழுந்து புரண்டார்கள். யாரையோ நான் பிடித்தேன், யாரோ என்னைப் பிடித்தார்கள். ஸ்டூலில் யாரும் இடித்துவிடாமல் ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டேன். ஆண்கள் பாக்குத் தோட்டத்தின் வளைவில் திரும்பியதும் தப்புச் சத்தம் சின்னதாகிப்போனது. மழை நாலு சொட்டு விழுந்து நின்றது. பெண்கள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, குளிக்கப் போக வேண்டும் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லத் தொடங்கினார்கள்.

ரிமோட்டைத் துண்டித்துவிட்டுக் கடையைக் கழுவலாம் என்று உள்ளே வந்தேன். திரையில் கேமரா காட்டுவது வெறும் பெஞ்சு. பிய்ந்த சாமந்தி இரண்டு, ஈரம். அந்த வெறும் பலகை மேல் அம்பு போய்க்கொண்டிருந்தது. நெற்றி இருந்த இடம், புருவம் இருந்த இடம், கன்னம் இருந்த இடம். மேலேயிருந்து கீழே, மறுபடியும் மேலே.

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரமானது. காகிதம் பறக்கிற பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது லைன் முழுவதையும் அடைத்துக்கொண்டுவிட்டது. என் கம்ப்யூட்டரிலிருந்து படம் சென்னைக்குப் போகவில்லை, அவன் மவுஸ் அசைப்பது மட்டும் எப்படியோ இங்கே வந்துகொண்டிருக்கிறது. அவன் திரையில் மாமாவின் முகம் அப்படியே நின்றுபோயிருக்கிறது. உயிரோடு இருக்கிற ஆளாக இருந்தால் படம் நின்றுபோனது உடனே தெரிந்துவிடும், கண் இமைக்காது, வாய் அசையாது. செத்தவர் முகத்தில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது. சத்தம் இருந்திருந்தால் தப்பு அடித்ததும் பெண்கள் கத்தியதும் கேட்டிருக்கும். அதையும் நாங்களே எடுத்துவிட்டோம்.

அத்தை வாசல்படியில் நின்றிருந்தார். கூடவந்த பெண்கள், "வாங்கக்கா, குளிக்கணும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இருக்கானா புள்ள?" என்று அத்தை கேட்டார்.

"இருக்கான் அத்த." எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அப்படியே சொன்னேன். "அவனுக்குப் படம் நின்னு போச்சு. மாமாவத் தூக்கினது தெரியாது. இன்னும் இங்கதான் இருக்காருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான்."

அத்தை திரையைப் பார்த்தார்.

"போனக் குடுங்க அத்த, சொல்லிர்றேன். இல்லன்னா பாவம், இப்படியே..."

அத்தை மடியிலிருந்து போனை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும். நேற்று ராத்திரியிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததையெல்லாம் அவன் காதில் போட்டுவிடலாம். போட வேண்டியதுதான் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"வேணாம்" என்றார் அத்தை. "சொல்லாத புள்ள. அவனா எந்திரிச்சிப் போகட்டும்."

பெண்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். நீங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு அத்தை பெஞ்சுக்குப் போனார். அதன்மேல் உட்காராமல் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். பெஞ்சில் மாமா தலை வைத்திருந்த இடத்தில் தன் தலையைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் பொட்டு இன்னும் அழிக்கவில்லை, வேர்வையிலும் மழையிலும் கரைந்து புருவம் வரைக்கும் வழிந்திருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். பெஞ்சுப் பலகை இருந்த கட்டத்துக்குள் அத்தையின் முகம் வந்திருந்தது. அம்பு புருவத்தின் மேல் போனது, கன்னத்தில் இறங்கியது, கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடியும் நெற்றிக்கு ஏறியது.